லூபோக் சீனாவுக்குப் போகாத கார்

விஜயா என்னைச் சமைக்கத்தான் கூப்பிட்டாள். "அக்கா, மாமாவுக்கு ரெண்டாம் வருசத் திதி வருது. ஞாயித்துக்கிழமை. முப்பது பேருக்குச் சாப்பாடு. நீ வந்து நின்னா போதும்" என்று போனில் சொன்னபோதே எனக்குச் சந்தேகம். முப்பது பேருக்குச் சமைக்க விருதுநகரிலிருந்து மலேசியாவுக்கா ஆள் கூப்பிடுவார்கள்? இருபத்திரண்டு வருஷம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தவள் நான். குழம்பில் உப்புக் குறைந்தால் வாசனையிலேயே சொல்லிவிடுவேன். விஜயாவின் பேச்சில் என்னவோ குறைந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

விஜயா என் சித்தி மகள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் மலாக்காவுக்கு வாக்கப்பட்டுப் போனவள். புருஷன் குணசேகரன், பத்து பெரண்டாம் என்கிற இடத்தில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசாத மனுஷன். ரெண்டு தடவை விருதுநகர் வந்திருக்கிறார். ரெண்டு தடவையும் ஊரைப் பார்க்காமல் என் அம்பாசிடரைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். அவர்கள் இருப்பது ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும் தாமான். தாமான் என்றால் நம் ஊர்க் காலனி. வாசலில் ரெண்டு கார். ஒன்று தினமும் ஓட்டுகிற சின்னக் கார். இன்னொன்றுக்குப் பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள்.

"யாரு தம்பி அது, காய்ச்சல்ல படுத்திருக்கிறது?" என்று கேட்டேன்.

குணசேகரன் சிரிக்கவில்லை. விரிப்பை ஓரமாகச் சுருட்டி எடுத்தார். உள்ளே மோரிஸ் மைனர். அம்பாசிடருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். அதே உருண்ட முதுகு, அதே முழிக்கிற கண்ணு. என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை வண்டி ஓட்ட வரவில்லை. அதனால் அண்டா குண்டாவையும் அவரையும் ஏற்றிக்கொண்டு இருபது வருஷம் அம்பாசிடர் ஓட்டியது நான்தான். பழைய இன்ஜினைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

கார் துளி தூசியில்லாமல் இருந்தது. பானெட்டில், ஸ்டீயரிங்கில், நாலு சக்கரத்திலும், பின்னால் பெட்ரோல் ஊற்றுகிற மூடியிலும் சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். போன ஆயுத பூஜைக்கு வைத்ததாம். வாரா வாரம் கழுவும்போது பொட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக் கழுவுவாராம். "சாமிப் பொட்டு அக்கா, அழிக்கலாமா?" என்றார். பக்தியுள்ள பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அடுப்படியில் வைத்து விஜயா விஷயத்தைக் கக்கினாள்.

கார் மாமனாருடையது. அவர் லூபோக் சீனா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், அதாவது ஆபீஸ் கணக்கர். தோட்டத்து துரை ஊர் திரும்பும்போது விட்டுப்போன காரை வாங்கி, கடைசிக் காலத்தில் மூத்தவர் குணசேகரனிடம் கொடுத்துவிட்டு, இளைய மகன் மணியத்தோடு லூபோக் சீனாவிலேயே இருந்துவிட்டார். மணியம் அங்கே மெக்கானிக்.

ரெண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் மணியத்திடமிருந்து போன். "அண்ணே, அப்பா உன்னைக் கேக்கறாரு. உடனே வா." அன்றைக்குப் பார்த்துச் சின்னக் காரை விஜயா எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். இவர் மைனரை எடுத்தார். போகவர வேண்டியிருக்குமே என்று ஃபுல் டேங்க் போட்டார். பாதி வழியில், ரெண்டு பக்கமும் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம், கார் நின்றுவிட்டது. எவ்வளவு அடித்தும் கிளம்பவில்லை. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் மணியம் இங்கே வந்தபோது அந்தக் காரின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டியிருந்தான்.

"பொணம் எடுக்கறதுக்கு முன்னாடி, அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிட்டாருக்கா. 'நீ கைவச்ச வேலைதான்டா எங்கப்பா முகத்தைப் பாக்கவிடாம பண்ணிருச்சு'ன்னு. அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. அதோட சரி. பேச்சு இல்ல."

"இப்ப என்ன?"

"போன வருசம் மணியம் வீட்டுல நடந்த திதிக்குக் கிளம்பினாரு. 'அப்பா இந்தக் கார் சத்தத்துக்குத்தான் காத்திருந்தாரு, அந்த வாசலுக்குப் போனா இந்தக் கார்லதான் போவேன்'னு. மறுபடி பாதி வழியில நின்னுருச்சு. அப்படியே திரும்பி வந்து, இங்கயே தனியா இலை போட்டாரு. இந்த வருசமும் அதேதான் சொல்றாரு. கார் போனாத்தான் போவேன்." விஜயா வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ அம்பாசிடர் ஓட்டினவ இல்லியா."

அட பாவி. சமையலுக்கு என்று கூப்பிட்டுவிட்டு மெக்கானிக் வேலை கொடுக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலி, வேர்க்கடலை, மிளகாய்ச் சம்பால். இவர்கள் காலை எட்டு மணிக்கே சோறு சாப்பிடுகிறார்கள். முகம் சுளித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன், அப்புறம் ரெண்டு பொட்டலம் காலி. சம்பாலில் இனிப்பு மட்டும் ஒரு பிடி அதிகம்.

திதிச் சாமான் வாங்க மைனரில் மலாக்கா டவுனுக்குப் போனோம். சாவியைத் திருப்பியதும் முன்னாலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம். பெட்ரோல் பம்ப்பாம். அம்பாசிடரில் பம்ப்பை இன்ஜினே ஆட்டும். இதில் கரண்டில் தனியாக ஓடுகிறது. கார்புரேட்டருக்குப் பக்கத்துச் சின்னத் தொட்டியில் பெட்ரோல் நிறைந்ததும் டிக் டிக் நின்றுவிடும், குறைந்தால் மறுபடி அடிக்கும். நல்ல மாட்டுக்கு மணி கட்டியது மாதிரி, காதாலேயே நிலவரம் தெரிந்துவிடுகிறது.

ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாசாரில், அதாவது மார்க்கெட்டில், வாழை இலை, பூசணி, வாழைக்காய் வாங்கினோம். கத்தரிக்காய் மட்டும் முழ நீளத்துக்கு ஊதா நிறத்தில் இருந்தது. இதில் புளிக்குழம்பு வைத்தால் மாமனார் ஆவி திரும்பிப் போய்விடும் என்றேன். விற்றுக்கொண்டிருந்த தமிழம்மா, "இங்க பொறந்து வளந்த ஆவிக்கு இதுதான் புடிக்கும், வாங்கிட்டுப் போங்க லா" என்றாள். வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.

ஆற்றோரக் கடையில் செண்டோல் சாப்பிட்டோம். ஐஸ், தேங்காய்ப்பால், பச்சைச் சேமியா மாதிரி ஒன்று, மேலே தென்னங் கருப்பட்டிப் பாகு. கருப்பட்டிச் சீமையில் பிறந்தவளுக்கே பாகு பிடித்துப்போனது. அங்கேதான் குணசேகரனை மெல்லக் கிளறினேன்.

"கார்ல இதுவரைக்கும் என்னென்ன பாத்தீங்க?"

"பம்ப் ரெண்டு தடவை மாத்தியாச்சு. ஃபில்டர் மாத்தியாச்சு. கார்புரேட்டரை இங்க டவுன்ல ரெண்டு பேர் கழட்டிப் பூட்டிட்டாங்க. டவுனுக்குள்ள ஒரு தொந்தரவும் இல்ல. லூபோக் சீனா பக்கம் திரும்பினா நின்னுரும்."

"வேற மெக்கானிக் ரெண்டு பேர் பிரிச்சு மாட்டினதுக்கு அப்புறமும் நிக்குதுன்னா, அது மணியம் பண்ணின தப்பு எப்படி ஆகும்?"

அவர் ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. "அவன் கைவச்சதுலேர்ந்துதான் அக்கா" என்றார். அந்த மனுஷனுக்கு அந்தத் தப்பு எங்கேயாவது இருந்தாக வேண்டும் போலிருந்தது. அதற்கு மேல் நான் நோண்டவில்லை.

எனக்கு அப்போதே ஒரு முடிவு இருந்தது. சூடு. டவுனில் மெதுவாகப் போகிறோம், நெடுஞ்சாலையில் வெயிலில் விரட்டுகிறோம், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது, பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு திணறுகிறது. சித்திரை வெயிலில் என் அம்பாசிடர் இதே சேட்டையைப் பண்ணும். ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும். விஜயாவிடம், "நாளைக்கு ஒரு துண்டும் ஒரு குடம் தண்ணியும் போதும்டி" என்று ஜம்பமாகச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை வெள்ளோட்டம். நானும் குணசேகரனும் மட்டும். நல்ல காரியத்துக்குப் போகும்போது அரைகுறையாகப் போகக்கூடாது என்று முதலில் ஃபுல் டேங்க் போட்டார். இங்கே பெட்ரோலை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். மூடியின் பொட்டில் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்துத் திருகித் திறந்து மூடினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

ரோடு என்றால் ரோடு. ஒரு பள்ளம் இல்லை, ஒரு ஹாரன் இல்லை. நம் ஊரில் ஹாரன் அடிக்காமல் ஓட்டினால் டிரைவர் தூங்கிவிட்டான் என்று நினைப்பார்கள். டவுன் முடிந்து செம்பனை ஆரம்பித்தது. மரம் மரமாக, கோடு போட்டு நட்டது, பார்க்கப் பார்க்கக் கண் அசந்தது. பதினேழாவது கிலோமீட்டரில் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. அப்புறம் ஒரு விக்கல். ஓரம் கட்டுவதற்குள் அடங்கிவிட்டது.

"இதே பக்கம்தான்" என்றார் குணசேகரன். "அன்னைக்கும் இங்கதான், ஒரு கால் மைல் முன்னபின்ன."

பானெட்டைத் தூக்கினேன். பிளக்கில் நெருப்பு வந்தது. கார்புரேட்டர் தொட்டி மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடந்தது. மிதவை அடியில் உட்கார்ந்திருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னேன். தொட்டி காலி, பம்ப் படபடவென்று அடிக்க வேண்டும். ஒரு டிக் கூட இல்லை.

"பாத்தீங்களா, பம்ப் செத்துப்போச்சு. புது பம்ப் அக்கா இது."

"சூடு" என்றேன் நான், பெரிய இவளாட்டம். துண்டை நனைத்துப் பம்ப் மேல் போட்டேன். செம்பனைக் குலை ஏற்றிப்போன லாரி ஒன்று நின்றது. மலாய்க்கார டிரைவர் எட்டிப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டுச் சிரித்தார். குணசேகரன் மொழிபெயர்த்தார்: "காருக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு, மூணு பேரும் நிழல்ல உக்காருங்கன்னு சொல்றாரு." எனக்கு வந்த கோபத்துக்கு, துண்டை இன்னொரு தடவை நனைத்துப் போட்டேன்.

இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டது. என் பெருமை உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்திருக்கும். பத்து கிலோமீட்டர் போயிருப்போம். மறுபடி அதே குலுக்கு, அதே விக்கல். துண்டு அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. என் தோரணை இறங்கிவிட்டது.

நல்லவேளை, ஐம்பதடி தூரத்தில் ஒரு பலகாரக் கடை. தகரக் கூரை, நாலு பிளாஸ்டிக் மேஜை. கடைக்கார அம்மாவைக் குணசேகரன் 'மக்சிக்' என்று கூப்பிட்டார். நாம் அத்தை என்பது மாதிரி. "லூபோக் சீனாவுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவரை விட்டுக் கேட்டேன். பக்கம்தான் என்றாள் அந்த அம்மா. குணசேகரன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "பக்கம்தான். ஆனா போகாது அக்கா. விட்டுருங்க. நாளைக்கு வீட்டுலயே இலை போட்டுக்கறேன்" என்றார். பெற்ற அப்பனைக் கடைசியாகப் பார்க்க முடியாத மனுஷன், அந்த வாசலையாவது பார்க்கலாம் என்று ரெண்டு வருஷமாகக் கிளம்பிக் கிளம்பி நிற்கிறார்.

தேநீர் சொன்னோம். பால் டின் தீர்ந்துவிட்டது போல, அந்த அம்மா புது டின் ஒன்றை எடுத்து, கத்தி முனையால் மேல் தகட்டில் ஒரு பொத்தல் போட்டாள். சாய்த்தாள். ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டாள் போல. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் இன்னொரு பொத்தல் போட்டாள். பால் கம்பியாக இறங்கியது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணெய்க்குப் பேர்போன ஊர்க்காரி நான். எத்தனை ஆயிரம் எண்ணெய் டின் உடைத்திருப்பேன். ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் வராது. எண்ணெய் வெளியே வர, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லித் தருவேன்.

"தம்பி, எந்திரிங்க" என்றேன். "கார்ல உக்காந்து சாவியை மட்டும் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க."

டீயைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். சாவியைத் திருப்பினார். பம்ப் சத்தம் இல்லை. நான் காரின் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினேன். இறுகிப் பிடித்திருந்தது. ரெண்டு கையாலும் பிடித்துத் திருகியதும், ஸ்ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். அடுத்த நொடி முன்னாலிருந்து டிக் டிக் டிக் டிக் டிக்.

குணசேகரன் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்.

"பம்ப் சாகல தம்பி. இழுக்க முடியாம மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு" என்றேன். என் சந்தோஷத்துக்கு அளவில்லை. வெற்றி வந்தால் என் வாய் நிற்காது, அதுதான் என் குறை. மூடியைத் திருப்பித் திருப்பிக் காட்டி அளந்தேன். "இந்த மூடி நடுவுல குண்டூசி அளவு ஓட்டை இருக்கும், காத்து போறதுக்கு. அது அடைச்சிருக்கு. டவுனுக்குள்ள அஞ்சு கிலோமீட்டர் ஓட்டறப்போ தெரியாது. நிறுத்தி வச்சா காத்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள கசிஞ்சு சரியாயிரும், நாம என்னவோ ஈரத்துணியாலன்னு நினைச்சுக்குவோம். தூரமாப் போனாத்தான் மாட்டும். அதுவும் டேங்க் ரொம்பியிருந்தா இன்னும் சீக்கிரம் நிக்கும். உள்ள காத்துக்கு இடமே இல்லையே. அரை டேங்க்ல போனா இதைவிட ரொம்ப தூரம் போயிருப்பீங்க."

அவர் இறங்கி வந்து மூடியைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் நடுவைத் தடவினார். சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. வருஷா வருஷம், பொட்டின் மேல் பொட்டு. ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தது.

"அன்னைக்கும் ஃபுல் டேங்க் அக்கா" என்றார்.

அப்போதுதான் நான் என்ன பேசினேன் என்று எனக்கே உறைத்தது. என் நாக்கைப் பிடுங்கிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

"அப்பா வச்சிருந்தப்போ பூஜைக்கு மறுநாள் காலையில ஈரத்துணியால எல்லாப் பொட்டையும் தொடச்சிருவாரு" என்றார், மூடியைப் பார்த்தபடியே. "நான்தான் சண்டை போடுவேன். சாமிப் பொட்டை அழிக்காதீங்க அப்பான்னு. என் கைக்குக் கார் வந்ததும் அழிக்கல."

நான் அந்த ஓட்டையைக் குத்திவிட ஊசி இருக்கிறதா என்று கைப்பையைத் துழாவினேன். சும்மா நிற்க முடியவில்லை. "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்று மூடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். டேங்க் வாயில் துணியைத் தளர்வாகச் சொருகினார். அது ஆபத்து என்று திட்டினேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. லூபோக் சீனா பக்கத்தில்தான் இருந்தது. அவர் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

விஜயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நாளைக்கு வருவார்தானே அக்கா?" என்றாள். நேற்றுவரை கார்தான் போக மறுத்தது. இனிமேல் போவதும் போகாததும் அவர் பாடு. போனால் தம்பி முன்னால் போய் நிற்க வேண்டும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். பாதி வழியில் நின்று தொலைகிற கார் ஒரு விதத்தில் அவருக்கு வசதியாகவே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விஜயாவும் நானும் சின்னக் காரில் பாத்திரங்களோடு லூபோக் சீனா போய்விட்டோம். "நான் போறேன். நீங்க வந்தா வாங்க" என்று மட்டும் விஜயா சொன்னாள். குணசேகரன் வாசலில் மைனருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மணியம் வீடு சின்ன டவுனின் கடைசியில், பின்பக்கம் செம்பனை. முன்னால் தகரம் போட்ட ஓர்க்‌ஷாப். உள்ளே முழுக்க மோட்டார் சைக்கிள்தான். "கார் பாக்கறதில்லையா தம்பி?" என்று மணியத்திடம் கேட்டேன். ஐம்பது வயசிருக்கும், அண்ணனுக்கு நேர்மாறாகப் பேசிக்கொண்டே இருக்கிற ஆள். அந்தக் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொன்னான்.

"ரெண்டு வருசமா எடுக்கறதில்ல அக்கா."

நான் வடைக்கு உளுந்து ஆட்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாழை இலையைத் துடைத்துக்கொண்டே தானாகப் பேசினான்.

"அப்பா கடைசி ஒரு மணி நேரம் வேற எதுவும் கேக்கல. 'கார் சத்தம் கேக்குதா, கார் சத்தம் கேக்குதா'ன்னுதான் கேட்டாரு. நான் அப்பப்ப வெளிய போய்ப் பாத்துட்டு வருவேன். அந்த இன்ஜின் சத்தம் முக்குல திரும்பறப்பவே தெரியும். வரல." இலையைத் தலைகீழாகத் திருப்பித் துடைத்த பக்கத்தையே மறுபடி துடைத்தான். "முந்தின வாரம் நான்தான் கார்புரேட்டரைக் கழுவினேன். அதுல ஜெட்டுன்னு ஒண்ணு இருக்கும், பெட்ரோல் வர்ற பொடி ஓட்டை. ரெண்டு தடவை ஊதிப் பாக்கணும். ரெண்டாவது தடவை ஊதினேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமே இல்ல அக்கா. எத்தனை தடவை யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

அது ஜெட் இல்லையடா, நீ ஊதியிருப்பாய், நன்றாகத்தான் ஊதியிருப்பாய் என்று வாய்வரை வந்துவிட்டது. விஜயா அடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. உளுந்து மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று அன்றைக்கு எனக்கே மறந்துபோய், ரெண்டு தடவை போட்டிருக்கிறேன்.

பதினோரு மணிக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அப்பா படத்துக்கு மாலை போட்டாயிற்று. இலை விரித்து முழ நீளக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வாழைக்காய், பூசணிக்கூட்டு, பாயசம் எல்லாம் வைத்தாயிற்று. வடை மட்டும் பாக்கி. "கற்பூரம் காட்டிரலாமா?" என்று யாரோ கேட்டார்கள். மணியம், "வடை வேகட்டும்" என்றான். நான் வடையை வேண்டுமென்றே மெதுவாகத் தட்டினேன். ரோட்டில் ஒவ்வொரு வண்டி போகும்போதும் வீட்டில் பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. பன்னிரண்டு ஆனது. வடையும் தீர்ந்துவிட்டது.

முதலில் மணியம்தான் கேட்டான். கையில் கற்பூரத் தட்டோடு நின்றவன் தலையைத் தூக்கினான். எங்களுக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான்.

மைனர் முக்குத் திரும்பி வந்தது. டேங்க் வாயில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. குணசேகரன் இன்ஜினை அணைக்காமல் இறங்கினார். அண்ணனும் தம்பியும் ஒரு கை தூரத்தில் நின்றார்கள். வெளியே வந்த சொந்தக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

குணசேகரன் சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்து நீட்டினார். "நீ வச்ச கை இல்லடா. என் கை" என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அன்றைக்கும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதானே சொல்லியிருந்தார்.

மணியம் மூடியை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கி, அடைபட்ட ஓட்டையைப் பார்த்தான். நான் கடையில் அரைமணி அளந்த விளக்கம் எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. மெக்கானிக் இல்லையா. அவன் முகம் அப்படியே உடைந்துவிட்டது.

"ஜெட்டு இல்லியா அண்ணே?"

"இல்லடா."

"நானும் மூடியைத் திறந்து பாக்கலியே அண்ணே" என்றான். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டான். குணசேகரன் அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன், சும்மா சொல்லக்கூடாது. முந்தானையெல்லாம் வடை எண்ணெய், அதிலேயே கண்ணைத் துடைத்துக் கண் எரிந்தது.

கற்பூரத்துக்கு நேரமாகிறது என்று விஜயா உள்ளே கூப்பிட்டாள். குணசேகரன் இன்ஜினை அணைக்கக் காருக்குள் குனிந்தார்.

"அணைக்காதே அண்ணே" என்றான் மணியம். "ஓடட்டும்."

வாசல் கதவை ரெண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தோம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து தட்டைப் பிடித்துக் கற்பூரம் காட்டினார்கள். வடையில் உப்பு அதிகம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சோறு எடுத்துக்கொண்டு போய்க் காக்கையைக் கூப்பிட்டு, அது வந்து தின்று முடிக்கும்வரை, வாசலில் அந்தக் கார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.